வேட்டிக்குள்ள ஒளிச்சு வைக்கிற வீக்கம்

மிளகுக்கொடி வாடல் நோய் பத்தி எழுதத்தான் உட்கார்ந்தேன். அதை அடுத்த தடவை வச்சுக்குவோம். இந்தத் தடவை கொஞ்சம் கூச்சமான சமாச்சாரம். ஆம்பளைங்க விதைப்பைக்கு எடுக்குற ஸ்கேன் பத்தி. பொம்பளைப் பிள்ளைங்க படிக்கலாமான்னு யோசிக்க வேண்டாம். உங்க வீட்டுலயும் அப்பா, அண்ணன், புருஷன்னு இருக்காங்க, தாராளமா படிங்க.

பொலிகிடா வாங்கச் சந்தைக்குப் போனா நாங்க முதல்ல பார்க்குறது பல்லு. அடுத்தது, பின்னங்காலுக்கு நடுவுல கையை விட்டு விதையை. ரெண்டும் ஒரே அளவா இருக்கா, எங்கயாவது கட்டி தட்டுதா, ஒண்ணு மேல ஏறிக் கெடக்கா. நாலு பேர் பார்க்கத்தான் பிடிச்சுப் பார்ப்போம், அதுல ஒரு வெட்கமும் கிடையாது. அதே ஆளு வீட்டுக்கு வந்து குளிக்கும்போது தன்னோடதைத் தொட்டுப் பார்க்குறானான்னு கேட்டா, மாட்டான். வீங்கி எலுமிச்சம்பழம் அளவு வந்தாலும் வேட்டியை இறக்கிக் கட்டிக்கிட்டுப் போய்க்கிட்டே இருப்பான்.

எங்க பக்கம் வேலை அப்படி. போடியில இருந்து விடியக்காலம் ஜீப்புல ஏறி, முந்தல் தாண்டி, போடிமெட்டு ஏறி, கேரளா பக்கத்துத் தோட்டங்களுக்கு ஏலக்காய் வேலைக்குப் போறவங்க ஏராளம். சரிவுல நின்னுக்கிட்டு மருந்தடிக்கணும், மூட்டையைத் தலையில வச்சு ஜீப் நிக்கிற இடம் வரைக்கும் சுமக்கணும். அதனால இடுப்புக்குக் கீழ ஆம்பளைக்கு என்ன வந்தாலும் ஊருல ஒரே விளக்கம்தான்: "பாரம் தூக்குனது, ஓதம் இறங்கிருச்சு." தண்ணி கோத்திருந்தாலும் ஓதம். குடல் இறங்கியிருந்தாலும் ஓதம். ரத்தக் குழாய் புடைச்சிருந்தாலும் ஓதம். விதையிலயே கட்டி வந்திருந்தாலும் ஓதம். நாலும் நாலு வியாதி, பேரு மட்டும் ஒண்ணு. வைத்தியமும் ஒண்ணு: கழற்சிக்காய்ப் பருப்பை விளக்கெண்ணெயில அரைச்சுப் பத்துப் போடுறது. அதுக்கும் கேட்கலைன்னா பஸ் ஸ்டாண்ட் சுவத்துல நோட்டீஸ் ஒட்டி, மாசத்துக்கு ஒரு நாள் லாட்ஜுல ரூம் போட்டு உட்காருற வைத்தியர். உள்ள என்ன இருக்குன்னு பார்க்காமலே லேகியம் குடுக்குறதுக்கு ஒரு தனி தைரியம் வேணும்.

என் கதைக்கு வர்றேன். எனக்கு மேல ரெண்டு ஏக்கர் ஏலம், கீழ கொட்டகுடி ஆத்துப் பக்கம் கொஞ்சம் தென்னை. போன ஐப்பசியில காய் எடுப்பு நேரத்துல இடது பக்கம் ஒரு கனம். வலின்னு சொல்ல முடியாது. சாயங்காலமானா ஈரத் துண்டைக் கட்டித் தொங்கவிட்ட மாதிரி இழுக்கும், படுத்தா சரியாயிரும். வீட்டுக்காரிதான் கண்டுபிடிச்சா. "என்ன, காலை அகட்டி அகட்டி நடக்குறீக?" சொன்னேன். அந்த வாரமே தேனிக்கு ரெண்டு பேரும் போனோம்.

அறுவை டாக்டர் படுக்க வச்சுப் பார்த்தார், நிக்க வச்சுப் பார்த்தார், இருமச் சொல்லிப் பார்த்தார். அப்புறம் லைட்டை அணைச்சுட்டு ஒரு சின்ன டார்ச்சை வீக்கத்துக்குப் பின்னால வச்சு அடிச்சார். தண்ணி கோத்திருந்தா வெளிச்சம் ஊடுருவி, பை செக்கச்செவேல்னு ஒளிருமாம். சதையோ குடலோன்னா இருட்டாவே நிக்குமாம். எனக்கு ஒளிரலை. "ஸ்கேன் எடுத்துருவோம்"னு சீட்டு எழுதினார்.

ஸ்கேன் சென்டர்ல உட்கார்ந்திருந்த இருபது பேர்ல பதினஞ்சு பேர் கர்ப்பிணிப் பொண்ணுங்க. மிச்சம் அவங்க மாமியார், அம்மாமார். சுவத்துல பெருசா போர்டு, கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று தெரிவிக்கப்பட மாட்டாதுன்னு. அந்தப் போர்டுக்குப் பின்னால எங்க பக்கத்துக் கதையே இருக்கு. 1980-கள்ல பெண் சிசுக்கொலைன்னு உசிலம்பட்டி பேரு நாடு முழுக்க அடிபட்டுச்சு. கருவுலயே பார்த்துக் கலைக்கிறதைத் தடுக்க 1994-ல மத்திய அரசு சட்டம் போட்டுச்சு. அதனாலயோ என்னவோ, எங்க ஊருல ஸ்கேன்னாலே அது பொம்பளைங்க சமாச்சாரம். என் பேரைக் கூப்பிட்டு, "விதைப்பை ஸ்கேனுக்கு வந்தவங்க யாரு?"ன்னு அந்தப் பிள்ளை சத்தமாக் கேட்டப்ப, பக்கத்துல இருந்த பாட்டி என்னை ஏற இறங்கப் பார்த்துச்சு. எந்திரிச்சுப் போனேன்.

உள்ள பயந்த அளவுக்கு ஒண்ணுமில்லை. மல்லாக்கப் படுக்கச் சொன்னாங்க. ஆண்குறியை வயித்துப் பக்கமா மேல தூக்கி வச்சு அதை ஒரு துண்டால மூடிட்டாங்க. விதைப்பைக்கு அடியில, தொடை மேல இன்னொரு துண்டை மடிச்சு வச்சுத் தாங்கல் குடுத்தாங்க. வெளியில தெரியுறது பார்க்க வேண்டிய இடம் மட்டும்தான். அப்புறம் ஜில்லுன்னு ஒரு கூழு. அது காத்து இடைவெளி இல்லாம இருக்குறதுக்கு. காத்து இருந்தா சத்தம் உள்ள போகாதாம். அதுக்கு மேல ஷேவிங் மிஷின் மாதிரி ஒரு கருவியை வச்சு மெதுவா நகர்த்துறாங்க. ஊசி இல்லை, எக்ஸ்ரே கதிர் இல்லை. பதினஞ்சு இருபது நிமிசம்.

சத்தம்னு சொன்னேன்ல. வௌவால் இருட்டுல எப்படிப் பறக்குது? கத்திக்கிட்டே போயி எதிரொலியைக் கேட்டுத் தூரம் கணக்குப் போடுது. இதுவும் அதுதான். நம்ம காதுக்கு நொடிக்கு 20,000 அதிர்வு வரைக்கும் கேட்கும். இந்தக் கருவி நொடிக்கு 70 லட்சத்துல இருந்து ஒண்ணரைக் கோடி வரைக்கும் அதிர்ற சத்தத்தை அனுப்பி, திரும்பி வர்ற எதிரொலியைப் படமா வரையுது. வயித்துக்கு வைக்கிற கருவியை விட இதுல அதிர்வு அதிகம். ஆழம் போகாது, ஆனா தோலுக்குக் கீழ இருக்குறது துல்லியமாத் தெரியும். விதை தோலுக்குக் கீழயே இருக்குறதால அது போதும்.

முதன்முதல்ல இந்த வித்தை இரும்புல விரிசல் பார்க்குறதுக்கு இருந்ததாம். கிளாஸ்கோவுல இயன் டொனால்டுன்னு ஒரு பிரசவ டாக்டர், அந்த விரிசல் பார்க்குற மிஷினை மனுசங்க வயித்துக் கட்டி மேல வச்சுப் பார்த்து, 1958-ல எழுதினார். புத்துநோய், இனி தேறாதுன்னு விட்ட ஒரு பொம்பளைக்கு, அது வெறும் நீர்க்கட்டின்னு இந்த மிஷின் காட்டி, ஆபரேஷன் பண்ணிப் பிழைச்சதும் அதுலதான் வருது. தண்ணியா சதையான்னு பிரிச்சுச் சொல்றதுதான் அன்னைக்கும் இன்னைக்கும் இதோட முக்கியமான வேலை. படத்துல தண்ணி கன்னங்கரேல்னு தெரியும். சதை சாம்பல் நிறம். சுண்ணாம்பு படிஞ்சிருந்தா பளிச்னு வெள்ளை, அதுக்குப் பின்னால நிழல்.

ஸ்கேன் டாக்டர் சின்ன வயசுப் பையன், தஞ்சாவூர்ல படிச்சவராம். நான் கேட்டுக்கிட்டே இருந்ததால திரையை என் பக்கம் திருப்பிக் காட்டுனார். நல்ல விதை படத்துல நைசா ஆட்டுன மாவு மாதிரி ஒரே சீராச் சாம்பலா இருக்கணும். நடுவுல ஒரு வெள்ளைக் கோடு ஓடும், அது இயற்கை. நீளம் 4, 5 சென்டிமீட்டர், அகலம் 3. நீளம், அகலம், உயரம் மூணையும் பெருக்கி, 0.71-ஆல பெருக்குனா கொள்ளளவு வருமாம். மரத்துக்குச் சுத்தளவு எடுத்துக் கன அடி போடுறது ஞாபகம் வந்துச்சு. வயசு வந்த ஆளுக்கு 15, 20 மில்லி இருக்கும். 12-க்குக் கீழ போனா சிறுசுன்னு கணக்கு. சுத்தி ரெண்டொரு சொட்டுத் தண்ணி எல்லாருக்கும் இருக்கும், அது வியாதி இல்லை.

விதைக்குப் பின்னால தொட்டுக்கிட்டே ஒரு மெத்தை மாதிரி இருக்குல்ல, எபிடிடிமிஸ்னு சொல்றாங்க. அதுல சுருட்டி வச்சிருக்குற குழாயை நீட்டுனா ஏறக்குறைய 6 மீட்டர் வருமாம். என் சொட்டுநீர்க் குழாய்ச் சுருளே அவ்வளவு நேர்த்தியா இருக்காது. எனக்கு அதோட தலைப் பக்கம் மிளகு அளவுல ஒரு நீர்க்கட்டி. "இது ரொம்பப் பேருக்கு இருக்கும், விட்டுரலாம்"னார்.

அப்புறம் கலர் போட்டார். சிவப்பும் நீலமும். நல்ல ரத்தம் கெட்ட ரத்தம்னு நினைச்சேன், அது இல்லை. கருவியைப் பார்த்து வர்ற ஓட்டம் ஒரு நிறம், விலகிப் போற ஓட்டம் இன்னொரு நிறம். போடிமெட்டு வளைவுல ஜீப்பு ஹாரன் அடிச்சுக்கிட்டே வரும்போது சத்தம் கீச்சுன்னு இருக்கும், நம்மளைத் தாண்டிப் போனதும் தடிச்சுப் போகும். அந்த வித்தியாசத்துக்கு 1842-லயே ஆஸ்திரியாக்காரர் டாப்ளர் விளக்கம் எழுதிட்டார். அதை வச்சுத்தான் ரத்தம் எந்தப் பக்கம் ஓடுதுன்னு மிஷின் சொல்லுது.

"மூச்சைப் பிடிச்சு முக்குங்க"ன்னார். முக்குனேன். எந்திரிச்சு நிக்கச் சொல்லி மறுபடி முக்கச் சொன்னார். இடது பக்கம் விதைக்கு மேல ரத்த நாளங்க புழு மாதிரி புடைச்சு, முக்குறப்ப ரத்தம் கீழ நோக்கித் திரும்பி ஓடுறது கலர்ல தெரிஞ்சுச்சு. 2, 3 மில்லிமீட்டருக்கு மேல போனா வெரிகோசில்னு பேரு. ஏன் இடது பக்கமே வருது? வலது பக்க நாளம் பெரிய ரத்தக் குழாயில சாய்வாப் போய்ச் சேருது. இடது பக்கத்துது கிட்னி நாளத்துல செங்குத்தாப் போய் முட்டுது. வாய்க்காலைச் சாய்வா வெட்டாம நேரா முட்ட விட்டா தண்ணி எதுத்து நிக்கும்ல, அதேதான்.

"எத்தனை நாளா?"ன்னார். "இந்த ஐப்பசியிலதான்"னேன். பேசிக்கிட்டே இருந்த மனுசன் பேச்சை நிறுத்திட்டு வேற கருவியை எடுத்தார். வயித்துல கூழைத் தடவி இடது விலாவுக்குக் கீழ வச்சு அழுத்துனார். ரொம்ப நேரம் பார்த்தார். நான் கூரையில சுத்துற ஃபேனைப் பார்த்துக்கிட்டுப் படுத்திருந்தேன். மகளுக்குச் சித்திரையில கல்யாணம் பேசி வச்சிருந்தோம். அதுக்குக் கட்டவேண்டிய மண்டப அட்வான்ஸ்தான் மனசுல ஓடுச்சு, வேற எதுவும் ஓடலை.

"கிட்னி நல்லா இருக்குய்யா"ன்னார். அப்புறம்தான் விளக்கம். சின்ன வயசுல வர்ற வெரிகோசில் சாதாரணம். அம்பதுக்கு மேல புதுசா வந்தாலோ, வலது பக்கம் மட்டும் வந்தாலோ, படுத்தும் வடியலைன்னாலோ, கிட்னியில கட்டி வளர்ந்து வழியை அடைச்சிருக்கான்னு ஒருதடவை பார்த்துருவாங்களாம். கீழ தெரியுற வீக்கத்துக்குக் காரணம் மேல இருக்கலாம். கழற்சிக்காய்ப் பத்துக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? எனக்கு ஆபரேஷன் வேண்டாம், இறுக்கமான ஜட்டி போட்டுக்கிட்டு, பாரத்தைக் குறைச்சுக்கச் சொல்லி அனுப்பிட்டாங்க.

கிளம்புறப்ப அவர் தஞ்சாவூர்ல படிச்ச காலத்துல பார்த்ததைச் சொன்னார். எங்க மலையடிவாரத்துல யானைக்கால் வியாதி நான் அதிகம் பார்த்ததில்லை. கும்பகோணம், தஞ்சாவூர் பக்கம் பழைய வியாதி அது. சாக்கடைத் தண்ணியில வளர்ற கியூலெக்ஸ் கொசு பரப்புறது. காலு வீங்குறதைத்தான் எல்லாரும் பேசுவாங்க. ஆம்பளைக்கு விதைப்பையில தண்ணி கோக்குறதும் அதே புழு செய்யுற வேலைதான். நூல் மாதிரி இருக்கும், பொட்டைப் புழு 8, 10 சென்டிமீட்டர் நீளம். விதைப்பைக்குள்ள நிணநீர்க் குழாயில உட்கார்ந்துக்கிட்டு ஓயாம நெளியும். அது நெளியுறது ஸ்கேன்ல அப்படியே தெரியும். ஆட்டம்னே அதுக்குப் பேர் வச்சிருக்காங்க. 1994-ல பிரேசில்ல முதல்ல பார்த்து எழுதினாங்க. 1997-ல சென்னை டாக்டர்கள், வெளியில ஒரு வீக்கமும் இல்லாத, ரத்தத்துல மட்டும் குஞ்சுப்புழு இருந்த ஆளுங்களை ஸ்கேன் பண்ணி, உள்ள புழு குடியிருக்குறதைக் காட்டுனாங்க. ஆள் ஜம்முனு நடந்து போவான், உள்ள புழு ஆடிக்கிட்டு இருக்கும்.

இதைக் கேட்டுட்டு வர்ற வழியெல்லாம் எனக்கு எங்க பெரியப்பா மகன் ஞாபகம்தான். அண்ணனுக்கு அறுபத்தி ரெண்டு வயசு. பன்னிரண்டு வருசமா வீக்கம். தேங்காய் அளவு. வேட்டி கட்டி மேல நீளத் துண்டைத் தொங்கவிட்டே நடப்பார். பந்தியில சம்மணம் போட முடியாதுன்னு விசேச வீட்டுக்கே போறதை விட்டுட்டார். மலைக்கு ஏறி ஏழு வருசமாச்சு, தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டுட்டார். ரெண்டு தடவை எவனோ ஊசி குத்தித் தண்ணியை எடுத்து விட்டிருக்கான், ரெண்டு மாசத்துல மறுபடி நிரம்பிருச்சு. நல்ல வேளை சீழ் வைக்கலை.

"அண்ணே, நாளைக்குத் தேனி போவோம்"னேன்.

"போடா. இந்த வயசுல என்னைய அம்மணமாக் கெடக்கச் சொல்றியா?"

"மேல ஒரு துண்டு, கீழ ஒரு துண்டு போட்டுத்தான் பார்க்குறாக. நானே படுத்துட்டு வந்துட்டேன்ல."

"பொம்பளை டாக்டரா இருந்துட்டா?"

"நம்ம வீட்டுப் பிரசவத்துக்கு ஆம்பளை டாக்டர் பார்க்கலையாண்ணே?"

மதினி அடுப்படியில இருந்து, "நல்லாக் கேளுங்க தம்பி"ன்னு சத்தம் குடுத்துச்சு. அதுக்கப்புறம் அவர் பேசலை. மறுநாள் காலையில குளிச்சு வெள்ளை வேட்டி கட்டி நின்னார்.

அவருக்கு டார்ச் அடிச்சப்ப பை அரிக்கேன் விளக்கு மாதிரி செவந்து ஒளிர்ந்துச்சாம். தண்ணின்னு அதுலயே தெரிஞ்சுபோச்சு. "அப்புறம் எதுக்குய்யா ஸ்கேன், தண்டச் செலவு"ன்னு அண்ணன் கேட்டிருக்கார். நியாயமான கேள்விதான். டாக்டர் சொன்ன பதில் எனக்குப் பிடிச்சுச்சு: "தண்ணி இருக்குறது எனக்குத் தெரியும். தண்ணிக்குள்ள விதை எப்படி இருக்குன்னு என் கைக்குத் தெரியலையே." விதையில கட்டி வந்தாக்கூட அதைச் சுத்தித் தண்ணி கோக்குமாம். தண்ணியை மட்டும் எடுத்துட்டுக் கட்டியை விட்டுரக் கூடாது, கட்டி இருக்குறது தெரியாம விதைப்பை வழியாக் கத்தியும் வைக்கக் கூடாது. கட்டின்னா அடிவயித்துத் தொடையிடுக்கு வழியாத்தான் போகணுமாம்.

அண்ணனுக்கு ஸ்கேன்ல கருப்பா ஒரு குளம், அதுல பின்பக்கமா ஒதுங்கி விதை, சீராச் சாம்பலா. புழு இல்லை, குடல் இறக்கம் இல்லை. இடுப்புக்குக் கீழ மரத்துப்போக ஊசி போட்டு ஆபரேஷன் பண்ணுனாங்க. தைப்பூசத்துக்கு எங்க வீட்டுல இலை போட்டப்ப கீழ சம்மணம் போட்டு உட்கார்ந்து ரெண்டாவது தடவை சாம்பார் கேட்டார். குத்தகைக்காரன்கிட்ட தோட்டத்தைத் திருப்பிக் கேட்கப் போறாராம். அது தனிச் சண்டை.

எல்லாக் கதையும் இப்படி முடியலை. மேல ஒரு தோட்டத்து லயத்துல தங்கி வேலை பார்த்த பையன், இருபது வயசு. ராத்திரி திடீர்னு ஒரு பக்க விதையில உயிர் போற வலி, வாந்தி. கூட இருந்தவங்ககிட்ட வயித்து வலின்னுதான் சொல்லியிருக்கான், இடத்தைச் சொல்லக் கூச்சம். வாயுன்னு பெருங்காயத் தண்ணி குடுத்திருக்காங்க. விடிஞ்சு ஜீப்பு பிடிச்சு, மலை இறங்கி, ஆஸ்பத்திரி சேர மத்தியானம். ஸ்கேன்ல ஒரு பக்கம் கலர் ஓடுது. மறுபக்கம் ஒரு பொட்டுக்கூடக் கலர் இல்லை. விதை தொங்குற கயிறு முறுக்கிக்கிட்டு ரத்தம் நின்னு போச்சு. 6 மணி நேரத்துக்குள்ள பிரிச்சு விட்டாப் பெரும்பாலும் பிழைச்சுக்குமாம். இவனுக்கு எடுத்துத்தான் போட்டாங்க. இன்னொண்ணு முறுக்கிக்காம இருக்க அதையும் தையல் போட்டு நிறுத்திட்டாங்க. ஒண்ணு இருந்தாலே பிள்ளை பிறக்கும், அதுல குறை இல்லை. ஆனா அந்த வலி வந்தா ஸ்கேனுக்குக்கூடக் காத்திருக்கக் கூடாதாம். முறுக்குன்னு நல்லாத் தெரிஞ்சா நேரா ஆபரேஷன்தான்னு டாக்டர் சொன்னார். மலையில இருக்குறவனுக்கு 6 மணி நேரம்ங்கிறது, ராத்திரி ஜீப்பு கிடைக்குமா கிடைக்காதாங்கிற கணக்கு. பெருங்காயத் தண்ணிக்கே ரெண்டு மணி நேரம் போயிருச்சு.

அண்ணன் சம்மணம் போட்டு உட்கார்ந்த சேதி ஊருல பரவுனதுல இருந்து, டீக்கடையில என்னைத் தனியாக் கூப்பிடுற ஆளு கூடிருச்சு. எல்லாரும் "எனக்குத் தெரிஞ்ச ஒருத்தருக்கு"ன்னுதான் ஆரம்பிக்கிறாங்க. க.விலக்குல தேனி அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கு, அங்க போங்கன்னு சொல்றேன்.

நேத்து சாயங்காலம் எங்க மூட்டை ஏத்துற ஜீப்பு டிரைவர் தம்பி வந்தான். இருபத்தெட்டு வயசு, போன வருசம்தான் கல்யாணம். அவன் "தெரிஞ்சவருக்கு"ன்னு ஆரம்பிக்கலை.

"அண்ணே, வலது பக்கம் கோலிக்குண்டு மாதிரி கெட்டியா ஒண்ணு தட்டுது. ரெண்டு மாசமாச்சு. ஆனா வலிக்கவே இல்லைண்ணே. அதனால ஒண்ணுமிருக்காதுல்ல?"

விதைக்கு வெளியில தட்டுனா பெரும்பாலும் பயமில்லை, விதைக்குள்ள கெட்டியா இருந்தா உடனே பார்க்கணும், இந்த வியாதி வாலிப வயசுலதான் அதிகம், சீக்கிரம் பார்த்தா அநேகமாக் குணமாயிரும்னு டாக்டர் சொன்னதெல்லாம் தொண்டை வரைக்கும் வந்துச்சு. உள்ளயா வெளியிலயான்னு எனக்கு எப்படித் தெரியும்? வலிக்கலைன்னு அவன் சொன்னதுதான் எனக்குப் பயமா இருக்கு. அதை அவன்கிட்டச் சொல்லலை. நாளைக்கு ஏத்த வேண்டிய மூட்டையை வேற ஜீப்புக்குச் சொல்லிட்டேன். காலையில ஏழு மணி பஸ்ஸுல நானும் அவனும் தேனி போறோம்.